மார்கழிக் கடல்

"நெய்தல் நிலத்துக்குரிய பெரும்பொழுது யாது?" என்று வகுப்பிலே கேட்டால், "ஆறும்" என்று மாணவர் உடனே விடை சொல்லிவிடுவர். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், முல்லைக்குக் கார், பாலைக்கு வேனிலும் பின்பனியும். மருதத்துக்கும் நெய்தலுக்குமோ கார் முதல் முதுவேனில் ஈறாக ஆறு பொழுதும் உரியன. தொல்காப்பியர் இவ்விரு நிலங்களுக்கும் பெரும்பொழுது இன்னதென்று எடுத்துக் கூறவில்லை. கூறாமையால் ஆறும் கொள்ளப்படும் என்று பின்வந்தோர் அமைதி கண்டனர். பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, "ஏன் ஐயா ஆறும்?" என்று கேட்டுவிட்டாள். "வயலும் கடலும் எக்காலத்திலும் உள்ளவை அல்லவா!" என்று சொல்லிச் சமாளித்தேன். மலையும் காடும் மட்டும் காலத்துக்குக் காலம் காணாமற் போகின்றனவா என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை; அது அவளுடைய நல்ல குணம். அந்த விடை எனக்கே திருப்தி தரவில்லை. சென்ற மார்கழியில் என் தமக்கையார் அதைத் திருத்தித் தந்தார். அவர் இலக்கணம் கற்றவர் அல்லர்.

சங்கதி இவ்வாறு தொடங்கியது. ஒருநாள் இரவு இலண்டனிலிருந்து தமக்கையாரின் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, வாற மார்கழித் திருவாதிரையோடை அம்மாவுக்கு எழுபது. இஞ்சை பிறந்தநாளுக்கு எங்கையாவது ஒரு கடற்கரைக்குப் போய் வருவினம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவமெண்டு பிள்ளையள் நிக்குதுகள். அம்மா ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. 'தம்பியைக் கேள், அவன் ஒரு கடலைத் தெரிஞ்சு சொல்லட்டும்' எண்டு சொல்லிப்போட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. வன்னியிலே இருந்துகொண்டு, பனி பெய்யும் தேசத்துக் கடல்களுள் நல்லது இன்னது, தீயது இன்னது என்று தெரிந்து சொல்வதாவது! ஆயினும் என்னை இடுப்பிலே சுமந்து வளர்த்தவர் அக்கா. அவர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. அன்றியும், ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் விட்டதன் பொருள் பிள்ளைகளுக்கு விளங்காவிட்டாலும் எனக்கு விளங்கியது.

வன்னியிலே மார்கழி மாதத்தில் எவரும் கடல் பார்க்கப் போவதில்லை. ஐப்பசி பிறந்ததும் வாடை எழுந்துவிடும். வடகீழ்ப் பருவமழை தொடங்கும். இரணைமடு வான் பாயுமா, முத்தையன்கட்டு நிறையுமா என்பதே அக்காலத்தில் எல்லார் வாயிலும் இருக்கும் பேச்சு. கண்ணெல்லாம் குளத்தின்மேல், காதெல்லாம் மழையின்மேல். முல்லைத்தீவுக் கடலோ அப்போது குமுறிக்கொண்டிருக்கும். கரைவலை இழுப்புக்கு உரிய காலம் பங்குனியோடு தொடங்கிப் புரட்டாதியோடு ஓய்ந்துவிடும். மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வோரும் வாடை பிறக்குமுன் ஊர் திரும்பிவிடுவர். வள்ளங்கள் மணலிலே மேலேற்றப்பட்டுக் கிடக்கும்.

அன்றியும், கடற்கரைக்கு உல்லாசமாகப் போதல் என்பது எமக்குப் பழக்கமான காரியமுமன்று. கடல் எமக்குத் தொழில், அல்லது தீர்த்தம். வைகாசிப் பொங்கலுக்கு முன்னே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலார் முல்லைத்தீவுக் கடலிலே தீர்த்தமெடுத்து, அந்த உப்புநீரை வார்த்து விளக்கெரிப்பது வன்னியெங்கும் அறிந்த வழக்கம். கடல்நீரைத் தலையிலே தெளித்துக்கொள்வதும், பின் வீட்டுக்குத் திரும்புவதுமே நாம் கடலோடு கொண்டாடிய உறவு.

இனி அக்காவின் கடலைச் சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கைப்பட்ட வீடு முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருந்தது. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் திகதி பூரணை நாள். திருவாதிரையும் அதை ஒட்டியே வந்தது. அன்று காலை சுமாத்திராவை அடுத்த கடலடியில் பூமி நடுங்கியதும், அந்த அலை இலங்கைக் கரையிலே 30,000 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டதும் உலகறிந்தவை. முதல் அலை வந்து வடிந்தபின், அயல்வீட்டுப் பிள்ளை ஒன்றைத் தேடி அத்தான் கரைக்கு இறங்கினார். கடல் வெகுதூரம் உள்வாங்கி, அடிமணல் வெறித்துக் கிடந்ததாம். அடுத்த அலைக்குப்பின் அவரை எவரும் காணவில்லை. ஐந்து ஆண்டுகளின் பின், 2009 ஆம் ஆண்டு வைகாசியில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையிலுள்ள முள்ளிவாய்க்கால் மணற்பரப்பிலே நெருங்கிக் கிடந்த சனத்தோடு சனமாய் அக்காவும் கிடந்தார். வட்டுவாகல் பாலத்தைக் கடந்து உயிரோடு வந்தார். அதன்பின் மகளிடம் இலண்டன் போனவர், கடலின் பக்கம் முகங்கொடுத்தும் பார்த்ததில்லை.

இத்தகைய ஒருவருக்குப் பிறந்தநாட் பரிசாக ஒரு கடலைத் தெரிந்து சொல்ல வேண்டும். நூல்களை எடுத்தேன். படங்களையும் விரித்தேன்.

முதலிலே கண்ட உண்மை எனக்கு வியப்பளித்தது. ஆங்கிலேயர் கடற்கரைக்குப் போகத் தொடங்கியது விளையாட்டுக்காக அன்று; மருந்துக்காக. 1750 ஆம் ஆண்டில் றிச்சேட் ரசல் என்னும் வைத்தியர் கடல்நீரின் மருத்துவப் பயனைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். கடலிலே முழுகுவது மாத்திரமன்று, கடல்நீரைக் குடிப்பதும் நோய் தீர்க்கும் என்பது அவர் கொள்கை. பிறைற்றன் என்னும் மீன்பிடி ஊர் அவரால் பெயர் பெற்றது. 1783 இல் அந்நாட்டு இளவரசர் அங்கு வந்தார். பின்னர் நான்காம் ஜோர்ஜ் மன்னரானவர் இவரே. அவருக்காக யோன் நாஷ் என்னும் சிற்பி 1815 முதல் எடுப்பித்த மாளிகை, கும்பமும் தூபியுமாக இந்திய நாட்டு அரண்மனை போலக் காட்சி தரும். 1841 இல் இலண்டனிலிருந்து புகையிரதப் பாதை வந்தது. அரசர் கண்ட கடலை அதன்பின் ஆலைத் தொழிலாளியும் கண்டான்.

கோடையிலே சனம் நெருங்கும் இவ்வூர்கள் குளிர்காலத்தில் வெறிச்சோடிக் கிடக்கும். கடைகள் பல பூட்டியிருக்கும். விடுதிகளில் வாடகை குறையும். ஆயினும் நிலத்தைப்போலக் கடல் விரைவிற் குளிர்வதில்லை. கோடை வெப்பத்தை வைத்து வைத்துச் சிறிது சிறிதாகவே செலவிடும். அதனால் உள்நாட்டிலும் கரையோரத்தில் உறைபனி குறைவு. இதை அறிந்தே முற்காலத்து வைத்தியர் சயரோகிகளைக் குளிர்காலத்தில் தென்கடற்கரைக்கு அனுப்பினர். போண்மத் என்னும் ஊர் இவ்வாறு பைன் மரங்களின் நடுவே வளர்ந்தது. 'புதையல் தீவு' எழுதிய ஸ்ரீவன்சன், நோய்வாய்ப்பட்ட உடம்போடு 1884 முதல் 1887 வரை அங்கேதான் வாழ்ந்தார். ஆகவே, குளிர்காலக் கடல் என்பது அந்நாட்டில் ஆதியிலிருந்தே உடல் நொந்தவருக்கு உரியது. மனம் நொந்தவருக்கும் ஆகாதா என்று எண்ணினேன்.

மூன்று ஊர்களைத் தெரிந்து வைத்துக்கொண்டேன்.

முதலாவது பிறைற்றன். அதன்மேல் எனக்கு ஒரு புலமைக் காதல் பிறந்தது. நெய்தலின் சிறுபொழுது எற்பாடு. எல் என்பது ஞாயிறு. பாடு என்பதற்கு மறைதல் என்று ஒரு சாராரும் தோன்றுதல் என்று மற்றொரு சாராரும் பொருள் கொள்வர். முல்லைத்தீவுக் கடல் கிழக்கே. அங்கு ஞாயிறு கடலிலே தோன்றி நிலத்திலே மறையும். மன்னார்க் கரையில் அது மறுதலை. பிறைற்றன் கடலோ தெற்கு நோக்கியது. அந்நாடு வடக்கே வெகுதூரத்தில் இருப்பதால், மார்கழியில் ஞாயிறு தென்கிழக்கே தோன்றித் தென்மேற்கே மறையும். ஆகவே ஒரே கரையில் நின்று, ஒரே நாளில், எற்பாட்டுக்கு இரு சாராரும் கூறிய இரண்டு பொருளையும் கடலின்மேல் கண்ணாரக் காணலாம்! பகல் எட்டு மணித்தியாலமே ஆதலால், காலை எட்டுக்கு ஒரு கட்சி. மாலை நாலுக்கு மறு கட்சி. உரைச்சண்டை இவ்வளவு எளிதாகத் தீரும் இடம் வேறு உண்டோ? போதாக்குறைக்கு, முதலாம் உலகப்போரிலே காயமுற்ற இந்தியப் போர்வீரருக்கு 1914 ஆம் ஆண்டு மார்கழி முதல் அந்த அரசமாளிகையே வைத்தியசாலையாக இருந்தது. அங்கு உயிர் நீத்த இந்துக்களும் சீக்கியருமாகிய 53 பேரை ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் தகனம் செய்தனர். அவ்விடத்திலே 1921 இல் எழுந்த வெண்பளிங்கு மண்டபம் சத்திரி என்ற பெயரோடு இன்றும் நிற்கின்றது. எல்லாம் பொருத்தமே. ஆனால் அந்தக் கரையில் மணல் இல்லை; முழுவதும் கூழாங்கல். எழுபது வயது முழங்கால்கள் அதில் நடக்கமாட்டா. பிறைற்றனைக் கைவிட்டேன்.

இரண்டாவது போண்மத். நல்ல மணற்கரை. ஆனால் புகையிரதத்தில் இரண்டு மணித்தியாலப் பயணம். அக்காவால் அவ்வளவு நேரம் இருக்க முடியாது; மகளுக்கும் வேலை நாள்.

மூன்றாவது கென்ற் மாகாணத்துப் புறோட்ஸ்ரெயர்ஸ். இதைக் கண்டவுடன், "இதுவே" என்று தீர்மானித்துவிட்டேன். இவ்வூர் இருக்கும் நிலப்பகுதிக்குத் தானெற் தீவு என்று பெயர். பெயரிலேதான் தீவு. முற்காலத்தில் அதைப் பெருநிலத்திலிருந்து பிரித்த கால்வாய் தூர்ந்துபோய்விட்டது. முல்லைத்தீவும் அப்படிப் பெயரளவிலே தீவாய் இருப்பதுதானே! கடல் கிழக்கே. மணல் உண்டு. திருவாதிரை நாளின் முழுநிலா கடலின்மேலாகவே எழும். ஊர் சுண்ணாம்புக்கற் குன்றின்மேல் இருப்பதால் உயரத்திலிருந்தே கடலைப் பார்க்கலாம். அலைக்கு அஞ்ச வேண்டியதில்லை. சாள்ஸ் டிக்கின்ஸ் பல ஆண்டுகள் வந்து தங்கி எழுதிய ஊரும் அதுவே.

நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, மாணவன் ஒருவனைக் கொண்டு கைத்தொலைபேசியிற் படம் பிடிப்பித்து அனுப்பினேன். புறோட்ஸ்ரெயர்ஸின் சிறப்பெல்லாம் விரித்துரைத்தேன். கடைசியில், செல்லக்கூடாத ஊர் ஒன்றையும் குறித்தேன். அதன் பெயர் சவுதென்ட். தென்கோடி என்பது அதன் பொருள். கிழக்கு இலண்டனுக்கு மிக அண்மையிலுள்ள கடல் அதுவே. தேம்ஸ் நதி கடலோடு கலக்கும் வாய். ஆனால் அங்கே வற்று நேரத்தில் கடல் ஒரு மைல் தூரம் உள்வாங்கிவிடும். கப்பல் வந்து அணைவதற்கு நீர் வேண்டுமென்றே 1830 இல் மரத்தாலும், 1889 இல் இரும்பாலும் கடலினுள்ளே நீண்ட பாலம் ஒன்று கட்டினார்கள். அதன் நீளம் 2 கிலோமீற்றருக்கு மேல். உல்லாசத்துக்கென்று உள்ள கடற்பாலங்களுள் உலகிலேயே நீண்டது அதுதான். அப்படிக் கடல் உள்வாங்கிக் கிடக்கும் காட்சி அக்காவின் கண்ணிலே படலாகாது என்று எழுதி, அந்த வரியின்கீழ்க் கோடும் இட்டேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அக்காவே பேசினார்.

"தம்பி, நீ எழுதினதெல்லாம் வாசிப்பிச்சுக் கேட்டன். நல்லா எழுதியிருக்கிறாய். நான் மற்றதுக்குப் போறன்."

"எந்த மற்றது, அக்கா?"

"நீ கோடு போட்டதுக்கு."

எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. "அக்கா, அங்கை கடல் உள்ளுக்குப் போயிடும். சேறும் மணலுமாய் வெறிச்சுக் கிடக்கும். அதை ஏன் நீங்கள் பாக்க வேணும்?" என்றேன்.

"அதைத்தானேயடா தம்பி, இவ்வளவு வருசமும் கண்ணை மூடினாப்போலை பாத்துக்கொண்டிருக்கிறன். உள்ளுக்குப் போன கடல் மெள்ள மெள்ளத் திரும்பி வாறதை ஒருக்கால் பாக்க வேணும். ஒருத்தரையும் கொண்டுபோகாமல் வாறதை."

பிறகு, ஒரு பரீட்சகர் கேட்பது போலக் கேட்டார்: "அந்தக் கடல் ஆரையும் எடுத்ததில்லையோ?"

இல்லை என்று சொல்லிவிட மனம் துடித்தது. ஆனால் அக்காவிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. 1953 ஆம் ஆண்டு தை மாதக் கடைசி இரவிலே புயலும் பெருக்கும் ஒன்றாய்ச் சேர்ந்து வடகடல் பொங்கியது. இங்கிலாந்திலே 300 இற்கு மேற்பட்டோர் இறந்தனர். சவுதென்டுக்குப் பக்கத்திலுள்ள கன்வித் தீவில் மட்டும் ஏறத்தாழ 60 பேர். நித்திரையிலே தண்ணீர் வந்து கொண்டுபோயிற்று. அதன்பின் கரைகளை உயர்த்தினார்கள். இலண்டனைக் காக்கத் தேம்ஸ் நதிக்குக் குறுக்கே பெருங்கதவுகளும் அமைத்து, 1984 இல் முறைப்படி திறந்து வைத்தார்கள். கன்வித் தீவிலே சனம் மறுபடியும் குடியிருக்கின்றது. இவற்றையெல்லாம் சொன்னேன்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்து, "அப்ப அதுவும் எங்கடை கடல்தான்," என்றார்.

மருமகள் என்னோடு சண்டைக்கு வந்தாள். "நீங்கள் சொன்னால் அம்மா கேப்பா, மாமா. வேண்டாமெண்டு சொல்லுங்கோ," என்றாள். நான் சொல்லவில்லை. தெரிந்து சொல்லும்படி என்னைக் கேட்டார். நான் ஒன்றைத் தெரிந்தேன். அவர் வேறொன்றைத் தெரிந்தார். பிறந்தநாள் யாருடையதோ கடலும் அவருடையது.

அதன்பின் நான் செய்தது பஞ்சாங்கம் பார்க்கும் வேலை. சுனாமி எப்போது வரும் என்று நாட்குறித்தவர் எவருமில்லை. வற்றும் பெருக்குமோ சந்திரனாலும் சூரியனாலும் ஆவன. இன்ன நாளில் இன்ன மணி இன்ன நிமிடத்தில் என்று ஓராண்டுக்கு முன்னரே கணித்து அட்டவணையாக அச்சிட்டுவிடுகின்றனர். ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். முல்லைத்தீவுக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரும் வராது. ஆகையால் எங்கள் கடல் எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதாகவே நாம் எண்ணுகின்றோம். கடல் தன் இடம்விட்டுப் பெயர்வதை எம்மவர் கண்டது 2004 இல் அந்த ஒரு நாளில் மாத்திரமே. சவுதென்டிலோ பூரணையை ஒட்டிய நாள்களில் ஐந்து மீற்றருக்கு மேல் நீர் ஏறி இறங்கும். அந்நாள்களில் அதிகாலையில் வற்று முடியும். நண்பகல் கழிந்து சிறிது நேரத்திற் பெருக்கு முற்றும். திருவாதிரை பூரணையை ஒட்டியே வருவது. ஆதலால், விடிந்தவுடன் அங்கே போய்விட்டால், வெறுங்கரை கடலாக நிரம்புவதை இருந்த இடத்திலிருந்தே முழுவதும் காணலாம். இதைக் கணித்து எழுதி அனுப்பினேன். அக்கா அதை மடித்துச் சுவாமிப் படத்தின் கீழ் வைத்தாராம்.

இங்கிலாந்திலே உறவினர் உள்ள வாசகர் சிலருக்கேனும் பயன்படக் கூடும் ஆதலால், வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். மார்கழி 25 ஆம் திகதி அந்நாட்டிலே புகையிரதம் ஓடுவதில்லை. மறுநாளும் மிகச் சிலவே ஓடும். கடற்பாலம் குளிர்காலத்தில் எல்லா நாளும் திறந்திராது. காற்று மிஞ்சினாலும் மூடிவிடுவார்கள். நாலு மணிக்குள் இருட்டிவிடும். சேற்றின்மேல் நடந்து போகலாகாது. நீர் முதலிலே பள்ளங்களால் வந்து பின்னாலே சூழ்ந்துகொள்ளும். முதியோருக்குக் குளிரிலும் காற்றே கொடிது. ஆகவே காற்று மறைவுள்ள இருக்கையும், சுடுநீர்ப் போத்தலும், காதை மூடும் கம்பளித் தொப்பியும் வேண்டும்.

அன்று நடந்ததை மருமகள் சொன்னபடியே சொல்கிறேன்.

சூரியன் எழுந்து சிறிது நேரத்தில் அவர்கள் கரையை அடைந்தனர். கடலைக் காணவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அதன்மேல் சரிந்து கிடந்த வள்ளங்கள். அக்கா ஒரு வாங்கிலே இருந்தார். சேற்றிலே கரிய வாத்துக்கள் போன்ற பறவைகள் கூட்டங்கூட்டமாய் மேய்ந்துகொண்டிருந்தன. அவை சைபீரியாவிலிருந்து குளிர்காலம் கழிக்க வரும் சிறுவகைத் தாராக்கள் என்று பேர்த்தி சொன்னாள். "இந்தக் குளிரைச் சூடெண்டு வந்திருக்குதுகளே!" என்று அக்கா வியந்தார். கொக்கிளாய்க் கழிமுகத்துக்கும் அதே மாதங்களில் வடக்கிலிருந்து பறவைகள் வருவதைப் பேர்த்திக்குச் சொன்னார். அதன்பின் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பத்து மணிக்குமேல் பள்ளங்களில் நீர் மின்னத் தொடங்கியது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே வந்துகொண்டிருந்தது. அவ்வேளை ஒரு சிறுவன் சேற்றில் இறங்கி ஓடினான். அக்கா எழுந்து நின்று, "பிள்ளை, ஏறு! மேலை ஏறு!" என்று தமிழிலே கூவினார். கரையிலே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தனர். சிறுவனுக்குத் தமிழ் விளங்கவில்லை, குரல் விளங்கியது. திரும்பி ஓடி வந்தான். அவனுடைய தாய் அக்காவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அக்காவுக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. இருவரும் சிறிது நேரம் அப்படியே கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம்.

சரிந்து கிடந்த வள்ளங்கள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன. நண்பகல் கழிந்தபோது நீர் படிக்கட்டைத் தொட்டது. அக்கா பேர்த்தியின் தோளைப் பற்றிக்கொண்டு மூன்று படி இறங்கினார். ஒரு கை நீரை அள்ளித் தலையிலே தெளித்தார். ஊசிபோலக் குத்தும் குளிர் நீர். "அப்பாடா, ஒருத்தரையும் கொண்டுபோகேல்லை," என்றார். பிள்ளைகள் மெழுகுதிரி கொண்டு போயிருந்தார்கள். காற்றிலே அது எரியவில்லை. திருவெம்பாவை விரதம் ஆதலால் மீனும் ஆகாது. பொரித்த உருளைக்கிழங்கு வாங்கிக் கடதாசியில் வைத்து எல்லாரும் சாப்பிட்டார்கள். எழுபதாவது பிறந்தநாள் விருந்து அவ்வளவுதான். பிற்பகல் பாலத்துச் சிறு புகையிரதத்தில் ஏறி, அக்கா கடலின் நடுவே 2 கிலோமீற்றர் தூரம் போய்த் திரும்பினார்.

அன்றிரவு அவர் என்னோடு பேசியது மிகக் குறைவு. "நீ தெரிஞ்ச கடலும் நல்ல கடலாய்த்தான் இருக்கும். அது எங்கடை கடல் மாதிரியே இருக்குமெண்டுதான் நான் போகேல்லை. எங்கடை கடலைப் பாக்கிறதெண்டால் அங்கை வந்துதான் பாப்பன்," என்றார். பிறகு, "நீ போய்ப் பாத்து எத்தினை வருசம்?" என்று கேட்டார்.

நான் விடை சொல்லவில்லை. அவரைக் கடலுக்கு அனுப்ப நாலு பக்கம் எழுதிய நான், 2004 இற்குப் பின் முல்லைத்தீவுக் கரையில் இறங்கியதே இல்லை. வற்றாப்பளைக்குப் போவேன்; கோயிலோடு திரும்பிவிடுவேன். அக்காவுக்கு அது தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தை பிறந்து சில நாளில், பள்ளி விட்டபின் பேருந்தில் ஏறி முல்லைத்தீவுக்குப் போனேன். வாடை இன்னும் அடங்கவில்லை. வள்ளங்கள் மேலேறிக் கிடந்தன. அத்தான் வீடிருந்த இடத்தில் அடம்பன்கொடி படர்ந்திருந்தது. ஒருவர் வள்ளத்தின் நிழலிலே இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். "மாரியிலே இஞ்சை என்ன ஐயா அலுவல்?" என்று கேட்டார். "கடல் பார்க்க வந்தேன்," என்றேன். அவர் அதை ஒரு விசித்திரமாக எண்ணவில்லை. "மாரியிலும் வருவினம் ஐயா. ஆக்களைக் குடுத்த சனம் காலம் பாத்தோ வரும்?" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அதைப் பல்லாண்டுகளாகக் கரும்பலகையில் ஒரு வரியாகவும், ஆறு பெரும்பொழுது என்பதை அதன்கீழ் வேறொரு வரியாகவும் எழுதி வந்திருக்கிறேன். ஒன்றுக்கு மற்றது காரணம் என்று எழுதியதில்லை. இரங்குவோருக்குக் காலவரையறை கூறுதல் எவ்வாறு இயலும்? தொல்காப்பியர் கூறாமல் விட்டதைக் கூறாமல் விட்டதாகவே மாணவருக்குச் சொல்லி, இந்த இரண்டு வரியையும் இனிமேல் பக்கத்திற் பக்கமாக எழுதலாம் என்று இருக்கிறேன்.

கரையில் இறங்கி, ஒரு கை நீரை அள்ளித் தலையிலே தெளித்துக்கொண்டேன். வெதுவெதுப்பாய் இருந்தது. அதை அன்றிரவே அக்காவுக்குச் சொன்னேன்.